எட்டாவது கலசம்

சென்னைக் கோயில்களின் திருப்பணிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியவர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் எங்கள் பேட்டைக் கோயிலில் கும்பாபிஷேகம். 12 வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற காரியம், தெருவே கல்யாண வீடு மாதிரி இருந்தது. எனக்குக் கொடுத்த வேலை தீர்த்தக் கேன்களைப் பார்த்துக்கொள்வது. தபால் துறையில் 32 வருஷம் இருந்தவன், எது எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதி வைக்க இவன்தான் சரி என்று நினைத்திருப்பார்கள்.

யாகசாலைக்குப் பின்னால் ஒரு ஷாமியானா. அதன் கீழே வரிசையாகத் தண்ணீர். காசிக்குப் போய்வந்த ஒரு அம்மா கொடுத்த கங்கை, செப்புச் செம்பில் வாய் அடைத்தது. பிரயாகைத் தண்ணீர் ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில். ராமேஸ்வரத்து 22 தீர்த்தமும் கலந்து ஒரே கேன். பாபநாசத்துத் தாமிரபரணி. ஸ்ரீரங்கத்துக் காவிரி இரவு பஸ்ஸில் வந்தது. மூடி சரியில்லாமல் பாதித் தண்ணீர் பஸ்ஸுக்கே அபிஷேகம் ஆகிவிட்டதாம். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினேன்.

எழுதி முடித்தபோது ஒரு துண்டு பிளாஸ்திரி மிச்சம் இருந்தது. பக்கத்தில் காலியாக ஒரு கேனும் இருந்தது. ‘கூவம்’ என்று எழுதி அதில் ஒட்டினேன்.

குழுவில் ஒருவர் பார்த்துவிட்டார். “சார், இதெல்லாம் விளையாட்டா? எவனாவது போட்டோ எடுத்துப் போட்டா கோயில் மானம் போயிடும்.”

கிழித்துவிட்டேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானே விளையாட்டாகத்தான் எழுதினேன். அன்று சாயங்காலம் முதல் கால பூஜையில் கலசத்துக்கு நதிகளை அழைத்தபோதுதான் விளையாட்டு வினையாக மாறியது.

‘கங்கே ச யமுனே சைவ கோதாவரி சரஸ்வதி, நர்மதே சிந்து காவேரி ஜலேஸ்மின் சந்நிதிம் குரு.’ குளிக்கும்போது நம்மில் பலர் முணுமுணுக்கிற சுலோகம்தான். அதன் வால் பகுதியை நான் அதுவரை கவனித்ததில்லை. ‘ஜலே அஸ்மின்’ என்றால் இந்தத் தண்ணீரில் என்று பொருள். ஏழு நதிகளே, இதோ இந்தத் தண்ணீரில் வந்து இருங்கள். உங்கள் இடத்துக்கு நான் வருகிறேன் என்று அந்தச் சுலோகம் சொல்லவே இல்லை. இங்கே வா என்கிறது. அப்படியானால் ஏழு பேரும் வந்து இறங்க இங்கே ஒரு தண்ணீர் இருந்தாக வேண்டும் இல்லையா? ஏழு விருந்தாளிகளை அழைத்துவிட்டோம். வீட்டுக்காரர் யார்?

அன்று வீட்டுக்காரராக இருந்தது கோயில் குழாய். வெளியூரிலிருந்து வந்தது போதாமல் குடம் குடமாகக் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றி நிரப்பினோம். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சென்னைக் குழாயில் வருவது என்ன என்று நினைக்கிறீர்கள்? 1996 முதல் கண்டலேறு கால்வாய் வழியாகப் பூண்டி ஏரிக்குக் கிருஷ்ணா வருகிறது. அது மகாபலேஸ்வரத்தில் பிறப்பது. அங்கே கோயிலில் கல்லால் செய்த பசுவின் வாய் வழியாகத்தான் தண்ணீர் விழும். 2004 முதல் வீராணம் குழாயில் காவிரி வருகிறது. அது குடகில் தலைக்காவிரியில் பிறப்பது. ஐப்பசி பிறக்கும் வேளையில் அந்தச் சின்னக் குண்டத்தில் நீர் குமிழியிட்டு எழுவதைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடிக்கும். ஆகக் காவிரியைப் பிடிக்க இரவு பஸ் ஏறியிருக்கவே வேண்டாம், கொல்லைக் குழாயைத் திறந்திருந்தால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இனி சென்னையில் எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தாலும், தீர்த்த சங்கிரகணத்துக்கு, அதாவது புனித நீர் சேகரிக்க, ஆள் அனுப்பும்போது காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் அனுப்புவதுபோலக் கூவம் கிராமத்துக்கும், அடையாற்றுக்குத் தலையான ஆதனூர் ஏரிப் பக்கத்துக்கும், கொசஸ்தலையாற்றங்கரைக்கும் ஒரு ஆளை அனுப்புங்கள். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு எட்டாவதாக ஒரு கலசம் வையுங்கள். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மிச்சப் பக்கங்கள்.

கும்பாபிஷேகம் முடிந்த மறுவாரம் ரயில் ஏறினேன். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் வண்டியில் கடம்பத்தூர், அங்கிருந்து பேரம்பாக்கம், அப்புறம் கூவம். ஆமாம், அது ஒரு ஊரின் பெயர். சென்னையில் பிறந்து வளர்ந்த என் மகனுக்கே அது தெரியாது. ஊர் இருக்கிறது, ஏரி இருக்கிறது, சம்பந்தர் பாடிய கோயில் இருக்கிறது. தேவாரத்தில் ஊரின் பெயர் திருவிற்கோலம். முப்புரம் எரிக்க சிவன் வில் பிடித்து நின்ற கோலம். தேவர்கள் தேர் கட்டிக் கொடுத்தார்களாம். பிள்ளையாரை நினைக்காமல் கிளம்பியதால் அச்சு முறிந்ததாம். தேரின் கூவரம் மண்ணில் பதிந்த இடம் கூவம் ஆயிற்று என்பது தலபுராணம். அச்சை முறித்த பிள்ளையாரும் அங்கேயே இருக்கிறார். கூவம் என்றால் தமிழில் கிணறு என்றும் ஒரு பொருள் உண்டு. எனக்கென்னவோ இரண்டில் கிணறுதான் பிடித்திருக்கிறது. ஆனால் பிள்ளையாரைப் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை.

அங்கே சிவலிங்கம் தீண்டாத் திருமேனி. அர்ச்சகரும் கையால் தொடுவதில்லை. மழை மிகுந்து வரும் ஆண்டில் லிங்கம் வெண்மை காட்டும், போர் வருமானால் செம்மை காட்டும் என்பார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. எனக்குத் தோன்றியது வேறு. ஒரு ஆற்றின் தலையில் இருக்கிற சாமியிடம் இந்த வருஷம் மழை எப்படி என்றுதான் ஜனங்கள் காலங்காலமாகக் கேட்டிருக்கிறார்கள். வேறென்ன கேட்பார்கள்? அந்தத் தீர்த்தத்தில் தவளையே இருக்காது என்று ஒரு பாட்டி சொன்னார். நான் போன நேரத்தில் சத்தம் ஏதும் இல்லை. ஆனால் உச்சி வேளையில் எந்த ஊர்த் தவளைதான் கத்துகிறது?

கரையில் உட்கார்ந்து கால் நனைத்தேன். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் கூவத்தோடு உட்கார்ந்தது 65 வயதில் அன்றுதான் முதல் தடவை. பாசி வாசனையும், பக்கத்துக் கழனியிலிருந்து வைக்கோல் வாசனையும். தண்ணீருக்குள் என் கால் விரல்கள் தெரிந்தன. இதை நான் பெரிதுபடுத்துவதாக நினைக்க வேண்டாம். சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தில் கைக்குட்டையோடு 32 வருஷம் பஸ்ஸில் போய்வந்தவனுக்குக் கால் விரல் தெரிவது பெரிய விஷயம்தான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தக்கோலம். 949-இல் ராஜாதித்த சோழர் யானை மேலேயே உயிர் விட்ட போர்க்களம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது. அந்த ஊரின் தேவாரப் பெயர் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அது திருவூறல். ஊறல் என்றால் ஊறி வருவது. நந்தியின் வாயிலிருந்து நீர் ஊறி வழிந்ததாக ஊர்க்கதை, சுவாமியின் பெயரே ஜலநாதீஸ்வரர். இந்தத் தக்கோலத்துக்குப் பக்கத்தில்தான் கேசவரம் அணைக்கட்டு. கொசஸ்தலையாறு அங்கே பிரிந்து ஒரு கை பூண்டிக்கும் ஒரு கை கூவத்துக்கும் போகிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று நமக்குக் குடிதண்ணீர், இன்னொன்று நமக்குச் சாக்கடை. ராஜாதித்தர் படையெடுத்து வருமுன் தன் வீரர்களைக் கொண்டு வெட்டியதுதான் வீராணம் ஏரி என்றும் ஒரு வழக்கு உண்டு. ஏரி வெட்டியவர் நம் ஆற்றின் தலையில் வந்து விழுந்தார், அவர் வெட்டிய ஏரி ஆயிரம் வருஷம் கழித்து நம் குழாய்க்கு வந்து சேர்ந்தது. யாரும் திட்டம் போட்டு எழுதாத கதை.

கூவத்தில் ஏன் நல்ல தண்ணீர் வருவதில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் கேசவரத்தில் இருக்கிறது. அங்கே மதகு பூண்டிப் பக்கம் திறந்தால் கூவம் காய்கிறது. வருகிற கொஞ்சத்தையும் கொரட்டூர் அணைக்கட்டு செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. குடிக்கிற ஊருக்கு அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் வருகிற வீட்டில் உட்கார்ந்து கூவத்தைக் கேலி பேசும்போது, நாம் குடித்த டம்ளரில் அந்த ஆறும் ஒரு வாய் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். மேலே தண்ணீரை எடுத்துக்கொண்டு கீழே கழிவை விடுகிறோம். பருத்திப்பட்டு அணைக்கட்டிலிருந்து முகத்துவாரம் வரை ஏறக்குறைய 32 கிலோமீட்டர். நாம் கூவம் என்று சொல்லுவது அந்தத் துண்டை மட்டும்தான். அதற்கு மேலே ஒரு ஆறு இருக்கிறது.

தமிழில் ஆற்றுக்கு உடம்பு உண்டு என்பதைத் தபால்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, முகவரிகளிலேயே படித்துவிடலாம். பிறக்கிற இடம் தலை. ஊற்றுக்குக் கண். பிரிவது வாய்க்கால், அதில் வாயும் காலும் சேர்ந்தே இருக்கின்றன. கடலைச் சேரும் இடம் கழிமுகம். காவிரியை ‘மலைத்தலைய கடற்காவிரி’ என்கிறது பட்டினப்பாலை. மலையில் தலை, கடலில் முகம், நடுவில் ஒரு நாடு. எங்கள் கூவத்தின் முகம் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், நேப்பியர் பாலத்தருகே தினமும் பார்க்கிறோம். தலை எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அனுப்புநர் முகவரி இல்லாத கவரை நாங்கள் எப்படிக் கையாள்வோம் தெரியுமா? பெறுநரும் வாங்க மறுத்துவிட்டால் மூலையில் போய்ச் சேரும். திருப்பி அனுப்ப இடம் தெரியாது.

தலையைக் கும்பிடுகிற வழக்கம் நம்மிடம் மட்டும் இருப்பதல்ல. கைலாயத்தைச் சுற்றிப் பிறக்கும் நான்கு ஆறுகளைத் திபெத்தியர்கள் சிங்கவாய், யானைவாய், மயில்வாய், குதிரைவாய் என்றுதான் அழைக்கிறார்கள். சிந்து, சட்லெஜ், கர்னாலி, பிரம்மபுத்திரா. கங்கை பனிப்பாறையிலிருந்து வெளிவரும் இடம் கோமுகம். நம் ஒவ்வொரு கோயிலிலும் கருவறையின் வடபுறத்தில் அபிஷேக நீர் விழும் இடத்துக்குக் கோமுகி என்று பெயர் இருப்பதைப் பாருங்கள். மேலே மலை போல விமானம், உள்ளே ஈரம், வெளியே ஒரு வாய். பிரகாரம் சுற்றும்போது கோமுகி நீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்கிறவர் ஒரு ஆற்றின் பிறப்பிடத்தில்தான் நிற்கிறார்.

பிரான்ஸில் ஸேன் ஆற்றின் கதை எனக்கு இன்னும் நெருக்கமாகப்பட்டது. அதன் ஊற்றில் செக்குவானா என்று ஒரு தெய்வம் பழங்காலத்தில் இருந்தாள். வாத்துத் தலை வைத்த படகில் அவள் நிற்கும் வெண்கலச் சிலை கிடைத்திருக்கிறது. நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் மரத்தில் செதுக்கிக் கொண்டுவந்து போட்ட கை, கால், கண் எல்லாம் 1960-களில் சேற்றிலிருந்து குவியலாக எடுத்தார்கள். இப்போது திஜோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சமயபுரத்திலும் வைத்தீஸ்வரன் கோயிலிலும் வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் வாங்கி உண்டியலில் போடுகிற நமக்கு இதில் எதை விளக்க வேண்டும்? ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஊற்று பாரிஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வேறு மாவட்டத்தில் இருக்கிறது. 1864-இல் பாரிஸ் நகராட்சி அந்த நிலத்தை விலைக்கு வாங்கியது. குகை கட்டி உள்ளே ஒரு நீர்மகள் சிலையும் வைத்தது. தன் ஆறு பிறக்கும் இடம் தன் பெயரில் இருக்க வேண்டும் என்று ஒரு நகரத்துக்குத் தோன்றியிருக்கிறது. நான் உங்களிடம் நிலம் வாங்கச் சொல்லவில்லை. ஒரு கேன் தண்ணீர்தான்.

வெளியூர்த் தீர்த்தம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அதைச் சொன்னால் முதலாம் ராஜேந்திரர் சண்டைக்கு வருவார். கங்கை வரை படை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் செய்து, அந்த நீரை ஏரியில் விட்டு, அதைத் தண்ணீரால் ஆன வெற்றித் தூண் என்று சொன்னவர். சோழகங்கம் என்று அந்த ஏரிக்குப் பெயர். இந்தச் செய்தியைச் சொல்லும் செப்பேடுகள் 1905-இல் கிடைத்தது எங்கே என்று பாருங்கள். திருவாலங்காட்டில். கடம்பத்தூருக்கு அப்பால் அதே ரயில் பாதையில், நம் ஆறுகள் பிறக்கும் நாட்டில். ராஜேந்திரரும் கங்கையை வெறும் தரையில் ஊற்றவில்லை. அவர் நாட்டு ஏரி ஒன்று அதை ஏந்திக்கொள்ளத் தயாராக இருந்தது. கும்பகோணத்தில் மகாமகத்தின்போது ஒன்பது நதிகளும் வந்து கூடுவதும் ஒரு உள்ளூர்க் குளத்தில்தான். அடுத்தது 2028-இல் வருகிறது, போய்ப் பாருங்கள்.

அடையாற்றுக்கு மலையும் இல்லை, குகையும் இல்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கலங்கல் வழியே வழிந்து ஒன்று சேர்ந்ததுதான் அது. அதனால் தெய்வீகம் குறைந்துவிட்டதாக நினைப்பவர்கள் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரைப் பார்த்துவிட்டு வரலாம். தொண்டை நாட்டில் ஊற்றைவிட ஏரிக்கரைக்குத்தான் சாமி அதிகம். வெட்டியவனும் காத்தவனும் மனுஷன் என்பதால் காவலுக்குத் தெய்வம் தேவைப்பட்டிருக்கிறது. செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றைச் சேரும் பக்கத்தில் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பார்கள். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் முதல் மாடி வரை தண்ணீர் ஏறிய இரவில் எனக்கு அந்த ஆழ்வார்தான் நினைவுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. ஆறு வந்தால் காத்திருக்க வேண்டும். நாம் அதன் படுகையில் வீடு கட்டிவிட்டு அது வந்ததைக் குற்றம் சொன்னோம். எங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே சின்னமலை தேவாலயத்தில், புனித தோமையார் பாறையிலிருந்து வரவழைத்ததாகச் சொல்லும் ஊற்று இருக்கிறது. எல்லா மதத்துக்காரர்களும் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். நூறடி தள்ளி ஓடுகிற ஆற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கொசஸ்தலையாற்றுக்கு ஒரு கடன் பாக்கியே இருக்கிறது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது திருவெண்பாக்கம் கோயில் இருந்த இடம் முழுகிப் போயிற்று. கண் பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த தலம் அது. சென்னைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஊன்றீஸ்வரர் இடம் பெயர்ந்து புதுக் கோயிலுக்குப் போனார். நமக்காக வீட்டைக் காலி செய்துகொடுத்த சாமி. அவர் காலடித் தண்ணீரில் ஒரு செம்பு நம் கலசத்துக்கு வரக் கூடாதா? அதே ஆற்றுப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது என்று கணித்திருக்கிறார்கள். சிவன், திருமால், தோமையார் எல்லாம் வருவதற்கு முன்னால் யாரோ அங்கே குனிந்து தண்ணீர் குடித்திருக்கிறார்கள்.

“சாஸ்திரம் இடம் தருமா?” என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் கோயில் குருக்களிடம் நானே கேட்டேன். விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “சமுத்திரத்துல போய்ச் சேர்றது எதுவா இருந்தாலும் நதிதான் சார். கூவமும் சேர்றதே. தண்ணி மட்டும் சுத்தமா இருக்கணும், அவ்ளோதான்.” அதனால்தான் தலையிலிருந்து எடுங்கள் என்கிறேன். ஒருகாலத்தில் நகரத்துக்குள்ளேயே எடுக்க முடிந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுத்தான் கோமளீஸ்வரரைக் கும்பிடப் போவார் என்று சொல்வார்கள். அந்தக் கோயில் இன்னும் புதுப்பேட்டைப் பக்கத்தில் இருக்கிறது.

கோயில் குழுவுக்கும் ஆற்றுச் சீரமைப்புக்கும் என்ன சம்பந்தம், அது அரசாங்கத்தின் வேலை இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கலாம். ஆனால் அரசாங்கம் ஆற்றைத் தூர் வாரும், சுவர் கட்டும், வேலி போடும். கலசத்தில் நூல் சுற்றி, மாவிலை வைத்து, தேங்காய் வைத்து, மேளத்தோடு தலையில் தூக்கிக்கொண்டு வருவது உங்களால் மட்டும்தான் முடியும். விமானத்தின் உச்சியிலிருந்து தெளிக்கும்போது கீழே நிற்கிற ஆயிரம் பேரும் கை நீட்டுவார்களே, அந்தத் துளியில் கூவமும் இருக்கிறது என்று மைக்கில் ஒரு தடவை சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வீட்டுக்குப் போய் யாராவது ஒருவர் கூவம் என்ற ஊர் எங்கே இருக்கிறது என்று தேடுவார்.

அன்று கிழித்த பிளாஸ்திரியின் பசை அந்தக் காலிக் கேனில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில்தான் கூவத்துத் தண்ணீரைப் பிடித்து வந்தேன். துணி கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். எங்கள் கோயிலில் அடுத்த கும்பாபிஷேகத்துக்கு 12 வருஷம் இருக்கிறது, அப்போது எனக்கு 77 ஆகிவிடும். அதுவரை காத்திருக்க முடியுமா என்பது எனக்கே சந்தேகம். அதற்குள் வேறு எந்தப் பேட்டையில் நாள் குறித்தாலும் சொல்லி அனுப்புங்கள். கடம்பத்தூர் வண்டியில் நானே போய்ப் புதுத் தண்ணீர் பிடித்து வருகிறேன். பயணச் செலவுகூட வேண்டாம். மூடி சரியாக இருக்கிற ஒரு கேன் மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்காரன்